சிம்பாங் பூலாயில் நான் ஊதிய சைரன்

மலேசியா போய் வந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று இருக்கும். என்னிடம் இல்லை. நான் போனது ஈப்போவுக்கு. போன வேலை, நான்கு பறையையும் ஓர் உறுமியையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சேர்த்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் மைக் செட் போடுகிறவன் நான். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் பொங்கல் எதுவானாலும் நான் குழாயைக் கட்டிவிட்டால் பக்கத்து ஊர் நாய்கூட அன்றைக்குத் தூங்காது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். மெதுவாகப் பேசுவது எப்படி என்பதை ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல.

என் கொழுந்தியாளை ஈப்போ சிலிபினில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் புருஷன் குணா, என் சகலை, அங்கே வாடகைக் கார் ஓட்டுகிறான். அவனுக்குத் தெரிந்த ஸ்டெல்லா அக்கா என்பவர், வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஊரைவிட்டுத் தப்பி வந்த அகதிகள் இவர்களையெல்லாம் சேர்த்துவைத்துக் கொட்டடித்து ஆடவைக்கிறாராம். மனசு ஆறுவதற்காம். அதற்குப் பறை வேண்டும் என்று கேட்டிருந்தார். ‘கொட்டடித்தால் மனசு ஆறுமா? எங்கள் ஊரில் கொட்டடித்தால் மண்டைதானே உடையும்’ என்று யோசித்துக்கொண்டே கிளம்பினேன்.

தோல் என்றால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பைபர் பறையாகத்தான் கொண்டுபோனேன். அப்படியும் விமான நிலையத்தில் சாக்கைப் பிரிக்கச் சொன்னார்கள். அதிகாரி பறையைத் தட்டிக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பதில் சொன்னேன். இரண்டு அடிதான் அடித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். போ, போ என்று கையைக் காட்டிவிட்டார்.

ஈப்போ போகிற வழியெல்லாம் எனக்கு ஏதோ ஒன்று குறைந்த மாதிரியே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. ஒருத்தனும் ஹார்ன் அடிக்கவில்லை. அத்தனை லாரி, அத்தனை கார், கோயில் யானை மாதிரி பேசாமல் போய்க்கொண்டிருந்தன. உன் காரில் ஹார்ன் ரிப்பேரா மாப்ள என்று குணாவிடம் கேட்டேன்.

“இங்க ஹார்ன் அடிச்சா சண்டைக்குக் கூப்பிடறான்னு அர்த்தம்லா, அண்ணே.”

எங்கள் ஊரில் அதற்கு, நான் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். காலையில், மாமாக் கடை என்று அவர்கள் சொல்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் பணக்காரத் தம்பி. வெள்ளைக் காப்பி என்று சொல்லிப் பழுப்பாக ஒன்றைக் கொடுத்தார்கள். நிறத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவு ருசி. மத்தியானம் அவித்த கோழியும் பக்கத்தில் ஒரு தட்டு முளைப்பயறும். எங்கள் பக்கம் முளைப்பயறு சாப்பிடுகிறவனைப் பார்த்தால், சர்க்கரை எவ்வளவு இருக்கு என்று விசாரிப்பார்கள். இங்கே அதற்காகக் கோலாலம்பூரிலிருந்து காரெடுத்து வருகிறார்களாம்.

மறுநாள் சாயங்காலம் பறைகளை ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் பக்கம் போனோம். முன்பு ரப்பர்த் தோட்டம், இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. பால் வெட்டின ஜனங்கள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டார்கள். தோட்டத்து மாதா கோயிலும் அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபமும் மட்டும் நிற்கின்றன. ஸ்டெல்லா அக்கா பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான். இப்போது ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில், கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். வாரக் கடைசியில் மண்டபம்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனால், பாயில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பர்மாவை விட்டு வந்த ரோஹிங்கியாப் பெண்கள், நேபாளத்து வாட்ச்மேன் இரண்டு பேர், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர்கள், நம் ஜனத்தில் பாக்கியம் அக்கா என்று ஒருவர். அந்தக் காலத்தில் அதே தோட்டத்தில் பால் வெட்டினவர். நான் வழக்கம்போல எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “நீங்கள்லாம் எந்தக் கஷ்டத்துல வந்தீங்க?” என்று ஆரம்பித்தேன். ஸ்டெல்லா அக்கா என் கையில் ஒரு டம்ளர் சிராப் தண்ணீரைக் கொடுத்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

“இங்க அதைக் கேக்க மாட்டோம் அண்ணே. எத்தனை ஆபீஸ்ல எத்தனை பேரு கேட்டுட்டாங்க. இங்க வந்தும் அதையே சொல்லணுமா?”

அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று. இன்றைக்கு உன் கை என்ன வேலை செய்தது? அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் எழுந்து அதைச் செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். அதற்கு ஏற்ற ஒரு சத்தத்தை வாயாலோ தொடையில் தட்டியோ கொடுக்க வேண்டும். தொழிற்சாலைக்காரர் கையுறையை அச்சிலிருந்து உருவிக் காட்டினார். எல்லோரும் உருவினார்கள், ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தத்தோடு. பாக்கியம் அக்கா எழுந்தார். “இன்னைக்கு என் கை துணிதான் துவைச்சுச்சு. அது போரடிக்குதுலா. பழசையே காட்டறேன்” என்று இடுப்பை வளைத்து, இல்லாத மரத்தைச் சுற்றிப் பால் வெட்டிக்கொண்டே நடந்தார். வட்டம் முழுக்க அவர் பின்னால் வளைந்து நடந்தது.

என் முறை வந்தது. என் கைக்கு என்ன தெரியும்? ஒயர் சுற்றத் தெரியும். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிக் காட்டினேன். நாலைந்து தேசத்து ஜனங்கள் இல்லாத ஒயரை வெகு சிரத்தையாகச் சுற்றினார்கள். என் தொழிலுக்கு இவ்வளவு மரியாதை என் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

கதவைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணும் சுற்றினாள். பெயர் ஹசினா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கை ஒயரைச் சுற்ற, கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. அவள் முறை வந்தபோது இறால் உரித்துக் காட்டினாள். தலையைத் திருகி, ஓட்டை உருவி, கூடையில் போட்டு, அத்தனையும் கண் இமைக்கிற நேரத்தில்.

கடைசியில் பாதிப் பேர் பாயில் படுத்துக்கொள்ள, மீதிப் பேர் சுற்றி உட்கார்ந்து வாயை மூடியபடி ம்ம்ம் என்று தாழ்ந்த குரலில் இழுத்தார்கள். உறுமியை விரலால் மட்டும் தடவச் சொன்னார்கள். குச்சி இல்லாமல் உறுமி வாசித்தவன் எங்கள் குலத்திலேயே நான்தான் முதல். படுத்தவர்களில் பலர் தூங்கிவிட்டார்கள். ஹசினா படுக்கவே இல்லை.

திரும்பி வரும்போது குணா சொன்னான். அவளும் புருஷனும் ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில், மீன்பிடிப் படகுகள் வருகிற இடத்தில் வேலை பார்த்தார்களாம். ஒருநாள் விடியற்காலை இமிகிரேஷன் ஆட்கள் வந்து, அனுமதித் தாள் இல்லாதவர்களை எல்லாம் பிடித்துப் போய்விட்டார்கள். அதில் புருஷனும் ஒருவன். எந்த முகாமில் இருக்கிறான் என்று இவளுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அன்றிலிருந்து ராத்திரி முழுக்கக் கதவுப் பக்கத்தில் உட்கார்ந்தே இருக்கிறாள். இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். தூக்கமில்லாமல் கொதிதண்ணீரை ஒருமுறை காலில் கொட்டிக்கொண்டாள்.

“ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான் அண்ணே. இவ ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கணும். மாசக்கணக்கா பாக்கறாங்க.”

இதைக் கேட்டுவிட்டும் நான் மறுநாள் செய்ததுதான் இந்தக் கட்டுரை.

சனிக்கிழமை. உள்ளே ம்ம்ம் போய்க்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல் மண்டபத்துப் பின்னறையைக் குடைந்தேன். மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு அடியில் ஒரு கைக்குழாய் கிடந்தது. வாய்க்கு நேரே பிடித்துப் பேசுகிற பாட்டரி ஸ்பீக்கர். மாதா கோயில் தேர்ப் பவனியில் ஜெபம் சொல்ல வாங்கியதாம், ரிப்பேராகிப் பல காலம். இதைச் சரிசெய்து கையில் கொடுத்தால் ஸ்டெல்லா அக்கா எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பச்சைக் களிம்பு பிடித்திருந்த தகட்டைப் பிளேடால் சுரண்டினேன். குணாவின் டார்ச்சிலிருந்து பாட்டரியை உருவிப் போட்டேன். வாசலுக்கு வந்தேன்.

ரிப்பேர் செய்த குழாயைப் பேசிப் பார்க்காமல் வைக்கிற மைக் செட்காரன் உலகத்தில் இல்லை. “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்றேன். அதில் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது. அதையும் அமுக்கினேன். சைரன் பிரமாதமாக வேலை செய்தது.

திரும்பிப் பார்க்கிறேன், மண்டபம் காலி.

பின் கதவு ஆடிக்கொண்டிருந்தது. பாய்களில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நான் கொண்டுவந்த பறை ஒன்று உருண்டு போய்ச் சுவரில் சாய்ந்தது. முன்வாசலில் அவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகள் மட்டும், ஜோடி ஜோடியாக, அப்படியே.

அவர்களை நிறுத்தப் பின் கதவுக்கு ஓடியிருந்த ஸ்டெல்லா அக்கா வாசலுக்கு வந்தார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“அண்ணே, அதைக் கீழ வைங்க.”

வைத்தேன். குணாதான் விஷயத்தைச் சொன்னான். பிடிக்க வருகிறவர்கள் முதலில் இப்படித்தான் வெளியே நின்று குழாயில் பேசுவார்களாம். ஹுத்தான் மெலிந்தாங்கிலும் அன்று காலை முதலில் வந்தது அந்தச் சத்தம்தான். எனக்குக் குழாய் என்றால் திருவிழா. அதே குழாய் இன்னொருத்தருக்கு வேறாக இருக்கும் என்று என் பாதி ஆயுசில் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அதுவும், ஹசினா அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பாயில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாளாம். அதை ஸ்டெல்லா அக்கா சொல்லவில்லை. பாக்கியம் அக்கா சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

செம்பனைத் தோப்பில் விழுந்து கிடக்கிற மட்டை எல்லாம் முள். வெறுங்காலோடு ஓடியிருக்கிறார்கள். செருப்புகளை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு, “எல்லாரும் வாங்க” என்று கூப்பிடப் போனேன். அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஆம்பிளைக் குரல் தேடிக்கொண்டு வந்தால் இன்னும் உள்ளே போய்விடுவார்கள், நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது என்றார். பாக்கியம் அக்கா முன்னால் நடந்தார், ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டு. ஸ்டெல்லா அக்கா சேர்ந்துகொண்டார். நான் சாக்கோடு பின்னால். வாழ்க்கையில் நான் சத்தம் போடாமல் போன ஒரே ஊர்வலம் அது.

கொஞ்ச தூரத்தில் மரத்துக்குப் பின்னாலிருந்து நேபாளத்து வாட்ச்மேன் ஒருவர் ம்ம்ம் என்றார். பிறகு இன்னொரு பக்கம். ஒவ்வொருவராக வெளியே வந்து, சாக்கில் கையை விட்டு அவரவர் செருப்பைத் தேடினார்கள். சிலர் காலில் ரத்தம். தொழிற்சாலைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். திட்டியிருந்தால் தேவலை. கடைசியில் சாக்கில் ஒரு ஜோடிதான் மிஞ்சியது. நீல ரப்பர்ச் செருப்பு, ஒரு வாரில் கம்பி போட்டுக் கட்டியது. ஹசினாவுடையது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஸ்டெல்லா அக்கா குணாவுக்குப் போன் செய்தார். ஹசினா எப்படியோ அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் துணியை எடுத்துப் பையில் வைக்கிறாளாம். இப்படித்தான் இதற்கு முன்னாலும் இரண்டு ஊரை விட்டுப் போயிருக்கிறாள். எங்கே போவாள் என்று கேட்டேன். என் கொழுந்தியாள் நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் சாப்பிடாமல் எழுந்ததைப் பார்த்து, மாமாவுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிறு மத்தியானம் எனக்குக் கோலாலம்பூருக்கு பஸ். வழியில் அந்தச் செருப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மண்டபத்துக்குப் போனோம். முந்தின நாள் வந்தவர்களில் பாதிப் பேரைக் காணோம். வந்தவர்களும் செருப்பைப் பின் கதவுப் பக்கம் கழற்றியிருந்தார்கள்.

நாங்கள் கிளம்புகிற நேரத்தில் ஹசினா வந்தாள். தோளில் பை, காலில் யாருடையதோ பெரிய செருப்பு. நேரே என்னிடம் வந்து கையை நீட்டினாள். நீலச் செருப்பைக் கொடுத்தேன். மன்னிச்சிருங்கம்மா என்று தமிழில் சொல்லி, அது போதாதென்று என் இரண்டு கன்னத்திலும் நானே போட்டுக்கொண்டேன். அவள் ஸ்டெல்லா அக்காவிடம் மலாயில் என்னவோ கேட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உங்க சத்தம் எப்பவுமே இவ்ளோ பெருசான்னு கேக்கறா அண்ணே.”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பொய் சொல்ல வழியில்லை.

ஹசினா மறுபடி பேசினாள், இந்த முறை நீளமாக, கையால் வாசலைக் காட்டி. ஸ்டெல்லா அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு எனக்குச் சொன்னார். “அந்தக் குழாயை அவர் கையிலயே குடுங்க. அவர் வெளிய ரோட்டோரம் உக்காரட்டும். நிஜமா யாராவது வந்தா, அவங்க கத்தறதுக்கு முன்னால இவர் கத்தட்டும். அப்படின்னா நான் கொஞ்ச நேரம் படுத்துப் பாக்கறேன்னு சொல்றா.”

என்னை நம்பி கல்யாண வீட்டுக்காரர்கள் ஜெனரேட்டரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படி ஒன்றை யாரும் விட்டதில்லை.

ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் குழாய். குணா காரில் சாய்ந்து நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ம்ம்ம் ஆரம்பித்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு இருமல் வந்தது, விழுங்கினேன். தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று குணா சைகை காட்டினான். அடுத்த பஸ்ஸில் போலாம் என்று பதில் சைகை காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் பாக்கியம் அக்கா வாசலுக்கு வந்து, தலையைச் சாய்த்துக் கன்னத்தில் கை வைத்துக் காட்டினார். தூங்கிவிட்டாள்.

அப்போதுதான் மேட்டு ரோட்டின் மேலிருந்து அந்தச் சத்தம் வந்தது. குழாய்ச் சத்தம். ஆம்பிளைக் குரல். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வளைவில் ஒரு சின்ன லாரி தலை நீட்டியது. கூரைமேல் ஸ்பீக்கர், பின்னால் மலைபோலப் பழைய அட்டைப்பெட்டி.

“பேப்பர் லாமா” என்றான் குணா. வீடுவீடாகப் போய்ப் பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்குகிறவர். பதிவு செய்த குரலை ஓடவிட்டுக்கொண்டே வருவாராம்.

நிறுத்தச் சொல்லக் குழாயை வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன். விரல் பொத்தானில் இருந்தது. கடவுள்தான் காப்பாற்றினார். குழாயை நாற்காலியில் வைத்துவிட்டு, மேட்டில் ஓடி, லாரிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். ஓட்டி வந்தவர் வயசான சீனர், பனியன் போட்டிருந்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். மண்டபத்தைக் காட்டினேன். நடுரோட்டில் குந்தி, கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடி, ஒரு பொம்பளை தூங்குவதை என்னால் முடிந்த அளவு நடித்துக் காட்டினேன்.

அவர் ஸ்பீக்கரை அணைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார், மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு என்ஜினையும் அணைத்துவிட்டார். அந்த இறக்கத்தில் லாரி தானாக உருண்டு, மண்டபத்தைத் தாண்டி, ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று. அடுத்த வளைவு திரும்பும்வரை அவர் என்ஜினைப் போடவே இல்லை.

மூச்சு வாங்க வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். ம்ம்ம் நின்றிருந்தது. யாரும் அசையவில்லை. ஹசினா மட்டும் பாயில் எழுந்து உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஏதோ கேட்டாள். யாராவது வந்தார்களா என்று கேட்கிறாள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மலாய் தேவைப்படவில்லை.

யாரும் வரவில்லை என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. “பேப்பர் லாமா” என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே மலாய் அதுதான், கற்றுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. என் வாயிலிருந்து அவ்வளவு சின்னதாக ஒரு குரல் வரும் என்று எனக்கே தெரியாது.

அவள் இன்னொன்று கேட்டாள். ஸ்டெல்லா அக்கா மெதுவாகச் சொன்னார். “போயிட்டானான்னு கேக்கறா.”

போயிட்டார் என்று கையைக் காட்டினேன்.

ஹசினா பையை இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தாள். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.